காட்டுக் காளானைப் படம் எடுப்பதும் பெயர் கண்டுபிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து என் போனுக்குக் காளான் படங்களாக வந்து குவியும். பழனி மலையிலும் ஆனைமலைப் பக்கமும் பல வருடமாகக் காளான்களைப் படம் எடுத்து வருகிறேன் என்பது தெரிந்தவர்கள், "இது என்ன காளான்?" என்று ஒரு வரி போட்டு அனுப்புவார்கள். பெரும்பாலும் நின்றபடியே மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம்தான், ஒரு வட்டமான குடை மட்டும் தெரியும். அதை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. காளானின் அடையாளம் முக்கால்வாசி அடியில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

எந்த மாதத்தில் போனால் காளான் பார்க்கலாம்?

வால்பாறை, கூடலூர் பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரிலும் நன்றாக வரும். ஏப்ரல், மே மாதக் கோடை மழை இரண்டு தடவை நனைத்துவிட்டால் அப்போதே சில முளைக்கும். கொட்டுகிற மழையில் போவதில் பயனில்லை. நல்ல மழை பெய்து ஓய்ந்து, இரண்டு மூன்று நாள் கழித்து, தரை ஈரமாக இருக்கும்போது காலையில் போங்கள். சில காளான்கள் காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் கருப்பு மையாகக் கரைந்துவிடும், மதியம் போனால் வெறும் கறைதான் இருக்கும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்ப்பது மாமரத்தின் மாம்பழம் மாதிரி. மரம் என்று சொல்ல வேண்டியது மண்ணுக்குள்ளும் மட்கிய கட்டைக்குள்ளும் வெள்ளை நூலாக வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பூஞ்சை இழைதான். அதனால்தான் ஒரு இடத்தில் இந்த வருடம் பார்த்தால் அடுத்த வருடமும் அதே வாரத்தில் போய்ப் பார்க்கத் தோன்றும். பல தடவை கிடைக்கவும் செய்யும்.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அங்கிருந்து ஒரு காளானைக்கூடப் பறித்து வர முடியாது. வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா நடைகளில் சேர்ந்து போவது நல்ல வழி, கூட வரும் பழங்குடி வழிகாட்டிகள் காளானை நமக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் காளானுக்காகக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதே இல்லை. தேயிலைத் தோட்டத்து ஓரம், கல்லூரி வளாகம், தென்னந்தோப்பு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய மாமரக் கட்டை எல்லாமே நல்ல இடங்கள். நான் முதன்முதலில் உட்கார்ந்து பார்த்த காளான் ஒரு விறகுக்கடையில்தான் இருந்தது. விறகின் மேல் சாம்பல் வெள்ளையில் சின்னச் சின்ன விசிறியாக ஒட்டியிருக்கும், நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். ஸ்கிசோஃபில்லம் என்று பெயர். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் அடியிலிருக்கும் மடிப்புகள் நீளவாக்கில் பிளந்து சுருண்டு மூடிக்கொள்ளும், தண்ணீர் தெளித்தால் மறுபடி திறக்கும். ஒரு காய்ந்த துண்டை எடுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். அதற்கப்புறம் காளானைக் கடந்து போக மனம் வராது.

நல்ல கேமரா இருந்தால்தான் முடியுமா? போன் போதாதா?

அடையாளம் காணப் போன் தாராளமாகப் போதும். கூட ஒரு கிளிப் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொண்டால் நகத்தளவு காளானையும் எடுக்கலாம். கேமரா இருப்பவர்கள் லென்ஸின் துளை அளவை (அப்பர்ச்சர்) எஃப் 8-லிருந்து 11-க்குள் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஷட்டர் வேகம் குறையும், கை நடுங்கினால் படம் போச்சு. முக்காலி இல்லாவிட்டால் அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுபோங்கள், அதன்மேல் கேமராவைப் பதித்து வைத்தால் அசையவே அசையாது, தரை மட்டத்துக்கும் இறங்கிவிடும்.

ஒரு காளானுக்கு எத்தனை படம் எடுக்க வேண்டும்? எந்தக் கோணத்தில்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படம் தள்ளி நின்று எடுப்பது. மண்ணிலா, சருகிலா, கட்டையிலா, சாணத்தின் மேலா, தனியாகவா கூட்டமாகவா என்பது தெரிய வேண்டும். அப்புறம் கிட்டே போய், காளானின் மட்டத்துக்குத் தலையை இறக்கிப் பக்கவாட்டில் ஒன்று, இதற்கு ஈரத்தரையில் படுக்க வேண்டியிருக்கும், ஒரு உரச்சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் தண்டு முழுதாகத் தெரிய வேண்டும். தண்டின் மேல்பக்கத்தில் கிழிந்த துணி மாதிரி ஒரு வளையம் தொங்குகிறதா என்று பாருங்கள். மேலிருந்து குடையை எடுப்பது அதற்கப்புறம்தான். செதில் இருக்கிறதா, வழவழப்பா, ஓரத்தில் கோடு ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

அடுத்தது குடையின் அடிப்பக்கம். மீன் செவுள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கலாம், ரொட்டி மாதிரி சின்னச் சின்னத் துளையாக இருக்கலாம், முள் முள்ளாகத் தொங்கலாம். செவுளாக இருந்தால் அது தண்டைத் தொடாமலே நின்றுவிடுகிறதா, தொடுகிறதா, தண்டின்மேல் வழிந்து இறங்குகிறதா என்று பாருங்கள். இதை வைத்தே பாதிக் குடும்பங்களைக் கழித்துவிடலாம். பறிக்காமல் இதை எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி கைக்கண்ணாடி. பவுடர் டப்பாவில் வரும் வட்டக் கண்ணாடி இருந்தால் போதும், குடைக்குக் கீழே சருகின்மேல் சாய்த்து வைத்தால் செவுள் முழுக்கக் கண்ணாடியில் தெரியும், அதையே படம் எடுத்துவிடலாம். அந்தக் கண்ணாடியில் முதல் தடவை பார்த்தபோது செவுளுக்கு நடுவில் எறும்பைவிடச் சின்ன வண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே பார்த்தால் சாதாரண பழுப்புக் குடை.

கடைசியாகத் தண்டின் அடி. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான், உயிர் போகிற விஷயமும் இங்கேதான் இருக்கிறது. சருகையும் மேல்மண்ணையும் விரலால் மெதுவாக ஒதுக்கிப் பாருங்கள். முட்டை ஓடு உடைந்து நிற்பது மாதிரி ஒரு கிண்ணத்துக்குள்ளிருந்து தண்டு எழுகிறதா? கிண்ணம், தண்டில் வளையம், வெள்ளைச் செவுள் மூன்றும் சேர்ந்திருந்தால் அமானிட்டா குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற காளான்கள் அந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. மேலே இழுத்துப் பிடுங்கினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், படத்தில் வராது.

அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், குறுக்களவு 27 மில்லிமீட்டர். பார்த்து முடித்ததும் ஒதுக்கிய சருகை மறுபடி மூடிவிடுங்கள்.

வெள்ளைக் காளானை எடுத்தால் வெறும் வெளிச்சமாக வெளுத்துப்போகிறதே?

சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. போனில் காளான்மேல் தொட்டுவிட்டு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, செவுளும் செதிலும் தெரியும். ஃபிளாஷ் போடாதீர்கள், ஈரக் குடையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அடிப்பக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் சாய்த்து வையுங்கள், அதிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமே போதும். மேகம் மூடிய நாள்தான் நல்ல நாள். வெயில் திட்டுத் திட்டாக விழுந்தால் நீங்கள் கொண்டுபோன மழைக்குடையைப் பிடித்து மறைத்துக்கொள்ளுங்கள். இலை நடுவே எல்லாமே பச்சை சாயலாக வரும், அதே வெள்ளைத் தாளை ஒரு படத்தில் சேர்த்து எடுத்துவைத்தால் வீட்டுக்கு வந்து நிறத்தைச் சரிசெய்யலாம். நிறம் தப்பாக இருந்தால் பெயரும் தப்பாகத்தான் வரும்.

காளானைத் தொட்டாலே விஷமா?

இல்லை. எவ்வளவு விஷமான காளானாக இருந்தாலும் தொடுவதால் விஷம் ஏறாது, தின்றால்தான். தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். உங்கள் சொந்த இடமாக இருந்தால் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள், வெட்டிய இடம் நீலமாகவோ சிவப்பாகவோ மாறுகிறதா, பால் வடிகிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள். மணமும் பால் வடிவதும் படத்தில் வராது. அப்புறம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஸ்போர் பிரிண்ட் என்கிறார்களே, அது என்ன?

காளானின் வித்துத்தூள் என்ன நிறம் என்று பார்ப்பது. குடையைத் தண்டிலிருந்து வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி ஒரு தாளில் வைக்க வேண்டும். தாள் பாதி வெள்ளையும் பாதி கருப்புமாக இருந்தால் எந்த நிறத் தூளும் தெரியும். குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்து செவுளின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். அமானிட்டாவுக்கு வெள்ளை. வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. கடையில் வாங்கும் மொட்டுக் காளானுக்கு அடர்ந்த சாக்லேட் பழுப்பு.

போன அக்டோபர் மழைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் புல்தரையில் தட்டு அகலத்துக்கு ஏழெட்டு வெள்ளைக் காளான்கள் முளைத்தன. நடுவில் மட்டும் பழுப்புச் செதில், தண்டில் அழகான வளையம், அடியில் செவுளும் சுத்த வெள்ளை. அந்த வீட்டு அக்கா ஒரு முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "புற்றுக்காளான் மாதிரிதானே தம்பி இருக்கு, குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரே ஒரு ராத்திரி பொறுங்கள் அக்கா என்று கெஞ்சிக் கேட்டு, அதில் நன்றாக விரிந்த ஒன்றை எடுத்து அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிண்ணத்தால் மூடி வைத்தேன். காலையில் கிண்ணத்தைத் தூக்கியபோது தாளில் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி வரிவரியாகத் தூள் விழுந்திருந்தது, நிறம் பாசிப்பச்சை. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்கிற காளான் அது. இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருக்கும், முற்றும்போதுதான் பச்சை ஏறும். தின்றால் சில மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டு ஆளைச் சுருட்டிவிடும். அக்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முறத்தோடு கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் மரத்தையும் எதற்குப் படம் எடுக்க வேண்டும்?

பல காளான்கள் குறிப்பிட்ட மரத்தின் வேரோடு சேர்ந்துதான் வாழும். காளான் மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சி வேருக்குத் தரும், மரம் தான் செய்த சர்க்கரையை அதற்குத் தரும். கொடைக்கானல் பைன் காட்டில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளானைச் சிலர் பார்த்திருக்கலாம், கதைப்புத்தகத்தில் வரையும் அதே காளான், அமானிட்டா மஸ்காரியா, விஷம். அது நம் மலைக்குச் சொந்தமானது இல்லை. அங்கே நட்ட பைன் மெக்சிகோவிலிருந்து வந்த இனம், அந்த மாதிரி வெளிநாட்டு மரங்களோடு சேர்ந்து வந்து குடியேறிய காளான் அது. பக்கத்திலேயே இருக்கும் சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் காளான்களே வேறு. அதனால் படத்தில் பைன் ஊசி கிடக்கிறதா, அகலமான இலைச்சருகு கிடக்கிறதா என்பதே பெரிய தடயம்.

புற்றுக்காளான் கதை இன்னும் அழகு. கரையான் தான் மென்று கழித்த இலைக்கூளத்தைப் புற்றுக்குள் தேன்கூடு மாதிரி அடுக்கி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்து தின்கிறது. மழைக்கு அந்தத் தோட்டத்திலிருந்துதான் காளான் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. தண்டுக்குக் கீழே நீளமாக ஒரு வேர் மாதிரி உள்ளே போகும், பொறுமையாகத் தோண்டினால் கரையான் கூடு வரை போய்ச் சேரும். இந்த இனங்களில் ஒன்றுக்கு டெர்மிட்டோமைசஸ் ஹெய்மீ என்று 1979-இல் பெயர் வைத்தவர் கே. நடராஜன், தென்னிந்தியக் காளான்களைப் பற்றி நிறைய எழுதிய பூஞ்சை அறிஞர். இவ்வளவு ருசியான காளானைப் பண்ணையில் வளர்த்து விற்க இன்னும் வழி பிறக்கவில்லை, கரையான் இல்லாமல் அது வருவதில்லை. புற்று எங்கே இருக்கிறது என்று படத்தோடு பொதுவில் போடாதீர்கள். அந்த ஊரில் அதைப் பறித்து விற்றுச் சாப்பிடும் குடும்பங்கள் இருக்கும்.

போனில் ஆப் இருக்கிறதே, அது சொல்லும் பெயரை நம்பலாமா?

தொடங்கி வைக்க நல்லது, முடித்து வைக்க முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் எனக்குப் பிடித்தது. ஒரே காளானின் எல்லாக் கோணத்தையும் ஒரே பதிவில் ஏற்றலாம், நாளும் இடமும் தானாகச் சேரும், இடத்தை மறைக்கவும் வசதி இருக்கிறது. அப்புறம் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். ஆனால் ஐரோப்பா, அமெரிக்காவில் எடுத்த படங்கள்தான் நிறைய என்பதால், சோலைக்காட்டுக் காளானுக்கு எங்கோ ஓக் மரத்தடியில் வளரும் காளானின் பெயரை அது ஒப்பிக்கும். "பரவல்" என்று காட்டும் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேரினம் வரை சரியாக வந்தாலே பெரிய விஷயம். அதற்குமேல் போக நுண்ணோக்கியில் வித்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், பல சமயம் டிஎன்ஏ வரை போக வேண்டியிருக்கும்.

பெயர் தெரிந்துவிட்டது, உண்ணக்கூடியது என்றும் போட்டிருக்கிறது. சமைக்கலாமா?

கூடாது. படத்தைப் பார்த்துச் சொன்ன பெயரை நம்பிச் சமைக்கவே கூடாது, அந்தப் பெயரைச் சொன்னது நானாக இருந்தாலும்.

காரணத்தைச் சொல்கிறேன். அமானிட்டா ஃபாலாய்டிஸ் மாதிரி காளான்களில் இருக்கும் அமாடாக்சின் என்கிற விஷம் வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது, ருசியாகக்கூட இருக்கும் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல், பல சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாளில் அது அடங்கி, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பலரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள், ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான் என்று நினைத்து அமானிட்டா ஃபாலாய்டிஸைப் பறித்துச் சமைத்து இறந்ததும் உண்டு. இளசில் இரண்டும் முட்டை மாதிரிதான் இருக்கும், இரண்டுக்கும் அடியில் கிண்ணம் உண்டு.

தலைமுறையாகப் பறித்துத் தின்பவர்களின் அறிவு வேறு. அவர்களுக்கு அந்த இடம், அந்தப் புற்று, அந்த மாதம் எல்லாம் தெரியும். அந்த அறிவு ஒரு படத்தில் ஏறாது.

யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், மிச்சமிருக்கும் காளானையும் குப்பையில் போட்ட துண்டையும் ஒரு தாளில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வெள்ளிக்காசு போட்டால் கருக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம்?

ஒன்றும் உண்மையில்லை. அமாடாக்சின் வெள்ளியைக் கருக்காது, பூண்டையும் ஒன்றும் செய்யாது. நத்தையும் புழுவும் நம்மைக் கொல்லும் காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும்.

இருட்டில் ஒளிரும் காளானை எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் கண்ணுக்கே மெல்லிய பச்சை தெரியும். முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 3200 அளவில், 30 நொடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். மேகாலயாவில் செத்த மூங்கிலில் வளரும் ஒரு இனத்துக்கு 2020-இல் தான் ரோரிடோமைசஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் என்று பெயர் வைத்தார்கள், அதில் தண்டு மட்டும் ஒளிரும், குடை ஒளிராது. நம் பக்கம் ராத்திரியில் யானை நடமாடும் காட்டுக்குள் இதற்காகத் தனியாகப் போக வேண்டாம், அனுமதியும் கிடைக்காது.

அட்டைக்கு என்ன செய்வது?

முழங்கால் வரை வரும் அட்டை உறை போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்து நெம்பி எடுங்கள். தரையில் படுத்து எடுக்கும்போது கழுத்தை மறக்காதீர்கள். அட்டையைவிடக் காட்டுமாடுதான் கவலை, கண்ணை வியூஃபைண்டரில் வைத்துவிட்டால் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. கூட ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் பெயர் கிடைக்கவில்லை என்றால்?

நிறையத் தடவை கிடைக்காது. தமிழில் நாய்க்குடை, புற்றுக்காளான், அரிசிக்காளான் என்று சில பெயர்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன, சங்கத் தமிழில் ஆம்பி என்ற நல்ல சொல் இருந்தது, இப்போது யாரும் சொல்வதில்லை. அந்த ஊரில் வயதானவர்கள் இருந்தால் படத்தைக் காட்டி என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள், அறிவியல் பெயருக்குச் சமமான தகவல் அது.

மீதியை நாள், இடம், மரம், மணம் எல்லாம் குறித்துப் பெயரில்லாமலே சேமித்து வையுங்கள். 2017-இல் ஒரு மட்கிய சோலைக் கட்டையில் எடுத்த ஊதாக் காளான் ஒன்று என்னிடம் இருக்கிறது, கட்டைவிரல் நகத்தளவு, செவுளின் ஓரம் மட்டும் மை தொட்ட மாதிரி அடர்ந்திருக்கும், முள்ளங்கி வாசனை. ஒவ்வொரு ஜூலையிலும் அதே கட்டைக்குப் போய் இரண்டு படம் எடுத்து வருகிறேன். கட்டை பாதி மண்ணாகிவிட்டது, காளான் மட்டும் இன்னும் வருகிறது.